கலைமகள் முன் மூன்று கடனட்டைகள்

என் மனைவியின் தையற்பொறி உடைந்த ஆண்டிலேயே எனக்குக் கடனட்டைகளும் வந்து சேர்ந்தன. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே தொடர்பு ஒன்று உண்டு என்று முதலில் கண்டவர் எங்கள் பள்ளியின் கணக்காசிரியர். அவர் அதைக் கண்டிராவிட்டால் நாங்கள் மூவரும் அவ்வாண்டு முழுவதும் அமைதியாக உறங்கியிருப்போம்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. கோலசிலாங்கூருக்கும் தஞ்சோங் காராங்குக்கும் இடைப்பட்ட செம்பனைத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். மாவட்ட ஆசிரியர் கூட்டம் ஒன்றுக்காகக் கோலசிலாங்கூர் சென்றபோது, மண்டப வாயிலின் இருபுறமும் இரு வங்கியார் மேசையிட்டு அமர்ந்திருந்தனர். இடப்புறத்தார் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவர்க்கு எழுதுகோல் ஒன்று கொடுத்தனர். வலப்புறத்தார் சாவிவளையம் கொடுத்தனர். எனக்கு இரண்டும் தேவைப்பட்டன. கணக்காசிரியர் எழுதுகோலோடு நிறைவடைந்தார். இரு திங்கள் கழித்து அஞ்சலில் நீலநிற அட்டை எனக்கொன்றும் அவருக்கொன்றும் வந்தன. சிவப்புநிற அட்டை எனக்கு மட்டும் வந்தது. எங்கள் தோட்டத்துக் கடையில் அதைக் காட்டியபோது, கடைக்காரர் இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடையாளக் கார்டு மாத்திட்டாங்களா சார்?” என்று கேட்டார்.

தையற்பொறியின் செய்தி வேறு. திருமணச் சீராக வந்த கால்மிதிப் பொறி அது. தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்களுக்கு இரவிக்கையும் பிள்ளைகளுக்குச் சட்டையும் தைத்துக் கொடுப்பது என் மனைவியின் வழக்கம். அவ்வாண்டுத் தொடக்கத்தில் பொறியின் தண்டு முறிந்தது. உருக்கி ஒட்டினார்கள், மறுபடியும் முறிந்தது. அதே வாரத்தில்தான் நீல அட்டை வங்கியிடமிருந்து வண்ணப்படங்கள் நிறைந்த கையேடு ஒன்று வந்தது. அட்டையில் செலவிடும் ஒவ்வோர் ஐந்து வெள்ளிக்கும், அதாவது ரிங்கிட்டுக்கும், ஒரு பரிசுப்புள்ளி, பெட்ரோலுக்கு இரட்டைப்புள்ளி. ஒரே வங்கியின் அட்டைகளை வைத்திருக்கும் இருவர் தம் புள்ளிகளை ஒன்றாக்கிக்கொள்ளலாம். அறுநூறு புள்ளி சேர்ந்தால் மின்சாரத் தையற்பொறி.

கணக்காசிரியர் அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சார், அக்காவுக்கு மெசின் சும்மாவே வருது சார். நம்ம எப்படியும் செலவு பண்ணத்தானே போறோம்? அதை அட்டையில பண்ணுவோம், அவ்வளவுதான்லா.”

“கிள்ளான்ல அதே மெசின் முந்நூத்து எண்பது வெள்ளிதாங்க” என்றாள் என் மனைவி. “மாசாமாசம் கட்டிக்கலாம்னு கடைக்காரன் சொல்றான்.”

“சும்மா வர்ற பொருளுக்கு யாராச்சும் பணம் கொடுப்பாங்களா?” என்றேன் நான். என் வாழ்நாளில் நான் கூறிய சொற்களுள் இதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே பெரிதும் விரும்புகிறேன்.

அவள் என் சொல்லை நம்பினாள். தீபாவளிக்குள் பொறி வந்துவிடும் என்று நான் உறுதி கூறவே, இருபத்திரண்டு வீட்டாரின் தீபாவளித் துணிகளை ஏற்றுக்கொண்டாள். அளவெடுத்து, வெட்டி, வீட்டுக்கொரு மூட்டையாகக் கட்டி அலமாரியில் அடுக்கினாள். தைப்பதற்குத்தான் பொறி இல்லை.

கணக்காசிரியர் கட்டம்போட்ட பயிற்சிப்புத்தகம் ஒன்றில் அட்டவணை வகுத்தார். பெட்ரோல் நீல அட்டையில், அதில் இரட்டைப்புள்ளி. உணவு சிவப்பு அட்டையில்; அந்த வங்கியார் உணவுக்கு இரட்டைப்புள்ளி தந்தனர். ஆனால் நாள்தோறும் எங்கள் இருவருக்கும் செல்வதற்கு இடம் ஏது? என் பழைய மகிழுந்து பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே கால் மைல் ஓடும். அவருடைய மோட்டார்சைக்கிள் மூன்று வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றினால் கிழமை முழுவதும் ஓடும். ஆதலால் பிறருடைய பெட்ரோலையும் நாங்களே வாங்குவதென்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமைதோறும் கோலசிலாங்கூர் எண்ணெய் நிலையத்தில் நாங்கள் இருவரும் நிழலில் நிற்போம். எவரேனும் வந்தால் கணக்காசிரியர் முன்சென்று, “டுயிட்ட என்கிட்ட கொடுங்க, நான் அட்டையில கட்டிடுறேன்” என்பார்; டுயிட் என்றால் மலாயில் காசு. தமிழர் எனில் சிரித்துக்கொண்டே கொடுப்பர். பாகான் நக்கோடா ஓமார் என்னும் கரையோர ஊரிலிருந்து படகுக்கு எண்ணெய் வாங்க நான்கு பீப்பாய்களுடன் வந்த மலாய் மீனவர் ஒருவர், எங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, எண்ணெய் ஊற்றும் பணியாளரைத் தனியே அழைத்து ஏதோ கேட்டார். அவர் போனபின் பணியாளரிடம் வினவினேன்.

“ஆசிரியருங்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கலையான்னு கேட்டாரு சார்.”

“நீ என்ன சொன்னே?”

“கொடுக்கறாங்க, பத்தலன்னு சொன்னேன்.”

நான்கு பீப்பாய் என்பது அறுபத்து நான்கு புள்ளி. அன்று கணக்காசிரியர் வீடு திரும்பும்போது வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார்.

உணவுக்குத் தஞ்சோங் காராங் கடைத்தெருவில் பாயின் உணவகம். பாய் தஞ்சைக் கடற்கரை ஊரொன்றிலிருந்து இளமையில் வந்தவர். கோலாலம்பூரிலிருந்து நண்டு தின்ன வருவோர்க்காகக் கடனட்டைப் பொறி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். இக்காலத்தவர் அதனைக் கண்டிரார். கனத்த இரும்புத் தட்டு; அதன்மேல் இழுக்கும் கைப்பிடி. அட்டையைத் தட்டில் வைத்து, மூன்று படி கரித்தாள் சீட்டை அதன்மேல் விரித்து, கைப்பிடியை இப்புறமும் அப்புறமும் இழுத்தால், அட்டையில் புடைத்திருக்கும் எண்களும் பொறியின் சக்கரங்களில் உள்ள தேதியும் சீட்டில் பதியும். பாய் அதனை ‘இழுவ மெசின்’ என்பார்.

உண்டோம், புள்ளி சேர்ந்தது. நான்கு திங்களில் சிவப்பு வங்கியார் எங்கள் உண்ணும் ஆற்றலைப் பாராட்டி ஐம்பது வெள்ளிக்குப் பெட்ரோல் சீட்டு அனுப்பினர். நான் மகிழ்ந்தேன். கணக்காசிரியர் முகம் கறுத்தது.

“இது நமக்கு நட்டம் சார்.”

“இலவசமாக வந்தது எப்படி நட்டமாகும்?”

“ஐம்பது வெள்ளி பெட்ரோல் சும்மா ஊத்தினா, நீல அட்டையில ஐம்பது வெள்ளி செலவு குறையுது. இருபது புள்ளி போச்சு!”

எனவே அந்தச் சீட்டைப் பாயின் சிற்றுந்துக்குக் கொடுத்துவிட்டோம். பாய் உள்ளம் நெகிழ்ந்து, அடுத்த கிழமை எங்களுக்கு இட்ட உணவுக்குக் காசு வாங்க மறுத்தார். அதுவும் நட்டமாயிற்று. இலவச உணவுக்குப் புள்ளி இல்லை.

“பாய், தயவு செஞ்சு பில் போடுங்க” என்று கணக்காசிரியர் கை கூப்பினார்.

“என்னா சார் இது, நீங்க ஐம்பது வெள்ளிக்கு எண்ணெ கொடுத்தீங்க, நான் ரெண்டு தட்டு சோறு போடக்கூடாதா?”

“போடுங்க, ஆனா காசு வாங்குங்க!”

“சோறு போட்டவனுக்கிட்டயே சண்டைக்கு வர்றீங்களே! இங்க உள்ளவன் காசு கொடுக்கமாட்டேன்னுதான் சண்டை போடுவான்.” கடையிலிருந்தோர் அனைவரும் திரும்பிப் பார்த்தனர். இறுதியில் பாய் எங்கள்மீது இரக்கம் கொண்டு, இழுவைப் பொறியை எடுத்து எட்டு வெள்ளிக்கு இழுத்தார்.

இவ்வாறு பத்துத் திங்கள் ஓடின. பரிசு கேட்க இறுதி நாள் நெருங்கியபோது இரு நீல அட்டைகளிலும் சேர்த்து ஐந்நூற்று ஐம்பத்தாறு புள்ளிகள் இருந்தன. இன்னும் நாற்பத்து நான்கு வேண்டும். ஆசிரியர்களின் தீபாவளி விருந்துக்குப் பாயிடம் கோழிப் பிரியாணி சொல்லி, எல்லாரிடமும் பணம் திரட்டி வைத்திருந்தோம், நூற்றுப்பத்து வெள்ளி. அதற்கு இருபத்திரண்டு புள்ளிதான். எஞ்சிய இருபத்திரண்டுக்கு என்ன வழி என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோது வங்கியிடமிருந்து மடல் வந்தது: இறுதி நாளில் செய்யும் செலவு எதுவாயினும் இரட்டைப்புள்ளி.

கணக்காசிரியர் பயிற்சிப்புத்தகத்தை விரித்து மேசைமேல் அடித்தார். “இருபத்திரண்டு ரெண்டு, நாப்பத்து நாலு! ஒரு சல்லி கூடுதலாச் செலவில்ல. கடைசி நாள் வரைக்கும் யாரும் அட்டையத் தொடாதீங்க சார். என் அட்டையையும் நீங்களே வச்சுக்குங்க, மூணும் ஒண்ணா இருக்கட்டும்.”

“இப்பவே ரெண்டு பீப்பா எண்ணெ வாங்கிட்டா முடிஞ்சிருமே?” என்றாள் என் மனைவி, துணிமூட்டைகளை எண்ணியபடியே.

“அக்கா, அது வீண் செலவு” என்றார் அவர்.

கடைசி நாள் சனிக்கிழமை. வங்கி தந்த நாட்காட்டியில் அதனைச் சிவப்பு மையால் வட்டமிட்டோம். அந்த நாட்காட்டியில் தமிழ்த் திதிகள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை கலைமகள் பூசை.

இங்கே என்னைப்பற்றி ஒன்று கூற வேண்டும். கலைமகள் பூசையன்று வழிபாட்டில் வைத்த கருவிகளை, மறுநாள் விசயதசமியன்று மறுபூசை செய்யும்வரை எவரும் தொடலாகாது என்பதில் நான் கடுமையானவன் என்று தோட்டம் முழுவதும் பெயர் பெற்றிருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டு, பள்ளிப் பூசையில் தம் எழுதுகோலை வைத்துவிட்ட தோட்டத்து எழுத்தரான கிராணி, லோரிச் சீட்டில் கையொப்பமிட வேண்டும் என்று அதனைத் திருப்பிக் கேட்டு வந்தார். பெற்றோர் நிறைந்த அவையில் நான் எழுந்து நின்று, “ஒருநாள் எழுதாதிருந்தால் செம்பனைக் குலைகள் மரத்திலிருந்து ஓடிவிடுமா?” என்று வினவினேன். கைதட்டல் எழுந்தது. கிராணி அன்று பன்னிரண்டு லோரிச் சீட்டுகளிலும் பெருவிரல் ரேகை வைத்தார். ஆலையில் அவரை எழுத்தறியாதவர் என எண்ணி மாற்று ஆளை அனுப்பச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை நான் நீராடி வருவதற்குள் வீட்டில் பூசை முடிந்திருந்தது. தோட்டத்துக் கோயில் பண்டாரம், கையில் மணியும் கருப்பூரத் தட்டுமாக வீடு வீடாகச் செல்பவர். எங்கள் வீடு அவர் பாதையில் இரண்டாவது. கலைமகள் படத்தின் முன் என் நூல்கள், எழுதுகோல்கள், சிவப்புப் பென்சில்கள், மனைவியின் கத்தரிக்கோல், அளவு நாடா, முறிந்த தண்டோடு கூடிய பழைய பொறி. நடுவே, ஒரு தாம்பாளத்தில், வாழையிலைமேல், நீலம் இரண்டும் சிவப்பு ஒன்றுமாக மூன்று கடனட்டைகள். ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் சந்தனம், நடுவே குங்குமம், மேலே ஒவ்வொரு செவ்வந்திப்பூ.

“இதை ஏம்மா இங்க வச்சே?”

“ஏன், வைக்கக்கூடாதா?” என்றாள் அவள் உண்மையான வியப்போடு. “பத்து மாசமா நீங்க இதைத் தவிர வேற எந்த ஆயுதத்தைத் தொட்டீங்க? மெசின் வந்து சேரணும்னு வேண்டிக்கிட்டு வச்சேன்.”

பத்துத் திங்களில் நான் ஒரு கட்டுரையும் எழுதவில்லை.

பத்து மணிக்குக் கணக்காசிரியர் வந்தார். மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலேயே, “சார், அட்டை எடுத்துக்கிட்டு வாங்க, பாய் காத்துக்கிட்டு இருக்காரு!” என்றார். நான் உள்ளே கைகாட்டினேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்து, தாம்பாளத்தைப் பார்த்து, பயிற்சிப்புத்தகத்தால் தம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“சார், இது பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கு ஆயுதமா?”

“எதனால் ஒரு செயல் நிறைவேறுகிறதோ அது கருவி” என்றேன். இலக்கணமும் அதனையே கூறுகிறது என்பதும் நினைவில் வந்தது. அது எனக்குச் சற்றும் உதவவில்லை.

“சரி, எடுக்க வேணாம். அங்கேயே கிடக்கட்டும். நான் மேல ஒரு தாள வச்சு, பிள்ளைங்க காசு மேல தேய்க்கும்ல, அந்த மாதிரிப் பென்சிலால தேய்ச்சு நம்பர எடுத்துடறேன். பென்சில் எங்க சார்?”

“அதுவும் அங்கேதான் இருக்கிறது.”

“ஒண்ணுகூடவா வெளிய இல்ல?”

“நான் தலைமையாசிரியன். வீட்டில் உள்ள எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.”

அவர் கீழே அமர்ந்துவிட்டார். என் மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னைக்கு ராத்திரிக்குள்ள அந்த நாப்பத்து நாலு வரலன்னா மெசின் இல்ல, அப்படித்தானே?” என்றாள். அப்படித்தான் என்றோம். அவள் அலமாரியைத் திறந்து மூட்டைகளைப் பார்த்தாள், மீண்டும் மூடினாள். தானே கொண்டு வைத்த அட்டைகளை எடுக்கும்படி அவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எடுத்திருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

திடீரென்று கணக்காசிரியர் துள்ளி எழுந்தார். “அட்டை மெசினுக்குப் போகக்கூடாது. மெசின் அட்டைக்கு வரலாம்ல?”

அவர் தஞ்சோங் காராங்குக்குப் பறந்து சென்று, பின்னிருக்கையில் பாயை ஏற்றிக்கொண்டு நண்பகலில் திரும்பினார். பாயின் மடியில், துண்டால் சுற்றிய இழுவைப் பொறி, பிறந்த குழந்தைபோல் இருந்தது. தாம்பாளத்திலுள்ள அட்டைகளை நகர்த்தாமல், பொறியின் தட்டையே அவற்றின் அடியில் மெல்லச் செருகி இழுத்துவிடலாம் என்பது திட்டம். பாய் பொறியைப் படத்தின் முன் தரையில் வைத்துத் துண்டை அவிழ்த்தார். வெயிலில் வந்த களைப்பில் முகம் சிவந்திருந்தது.

“முதல்ல டீ குடிங்கண்ணே” என்றாள் என் மனைவி. மூவரும் பின்கட்டுக்குச் சென்றோம். ஐந்து நிமிடம்தான் இருக்கும்.

மணியோசை கேட்டது.

ஓடி வந்தோம். நண்பகல் நிவேதனத்துக்காக இரண்டாம் சுற்று வந்த பண்டாரம், இழுவைப் பொறியின் முன் குனிந்து கருப்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடியில் சந்தனம். தேதிச் சக்கரத்தின் அருகே குங்குமம். உச்சியில் செவ்வந்தி.

“புது மெசினா சார்? சொல்லியிருந்தா காலையிலேயே செஞ்சிருப்பேனே” என்றார் பண்டாரம். “பரவால்ல, நல்லபடியா முடிச்சாச்சு.”

“யா அல்லா!” என்றார் பாய். “அது நம்ம கடை மெசின்யா!”

“யாரு மெசினா இருந்தா என்னா பாய்? கருப்பூரம் காட்டியாச்சு. நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்.”

“நாளைக்கா? இந்நேரம் என் கடையில நண்டு வெந்துக்கிட்டிருக்கு! கோலாலம்பூர்க்காரன் தின்னுட்டு அட்டைய நீட்டுவான். மெசின் சாமி கும்பிடப் போயிருக்குன்னா சொல்லச் சொல்ற?”

“பாய், உங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லலா” என்றார் கணக்காசிரியர், கண்ணில் ஒளி தோன்ற. “நீங்க எடுக்கலாம். எடுத்து, அப்படியே ஒரு இழுப்பு…”

பாய் குனிந்தார். கை பொறிவரை சென்றது. செவ்வந்திப்பூவைப் பார்த்தார், கதவோரம் நின்ற என் மனைவியைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார்.

“தங்கச்சி முன்னாடி எப்படிய்யா பூவத் தள்ளிட்டு எடுக்கறது? எனக்கு மனசு வரல. விடுங்க. இன்னைக்கு ஒருநாள் எல்லாப் பயலும் காசு கொடுத்துத் திங்கட்டும்.”

பண்டாரத்திடம் மட்டும் அவர் பேசவில்லை. பொறிக்கு மாறாக ஒரு பொட்டலம் சுண்டலை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் திரும்பிச் சென்றார். அன்றைய நாள் முழுவதும் நாங்கள் அக்கருவிகளைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தோம்.

மறுநாள் விடியலில் மறுபூசை. பாய் எல்லாருக்கும் முன்னதாக வந்து வாயிலில் நின்றார். பண்டாரம் மணியடித்து முடித்ததும் நான் நீல அட்டையை எடுத்தேன். பொறியில் வைத்தேன். சீட்டை விரித்தேன். அப்போதுதான் கணக்காசிரியர் மெல்லிய குரலில் கூறினார்:

“சார், தேதியப் பாருங்க.”

சக்கரத்தில் நேற்றைய தேதி நின்றது. பாய் நேற்றுக் காலை திருப்பி வைத்தது; அதன்பின் எவரும் தொடவில்லை.

“நாம ஒண்ணும் மாத்தல சார்” என்றார் அவர். “அது பாட்டுக்கு நேத்து தேதியில நிக்குது. சும்மா இழுத்தா போதும். நாப்பத்து நாலு. யாரும் பொய் சொல்லல. மெசின்தானே சொல்லுது.”

“எனக்கு எந்தத் தேதியா இருந்தாலும் காசு வரும்” என்றார் பாய். “உங்க இஷ்டம் சார்.”

என் கை கைப்பிடியின்மேல் இருந்தது. அது இழுப்பதற்கு அணியமாகவே இருந்தது. இதனை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அலமாரிக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருபத்திரண்டு மூட்டைகள். தீபாவளிக்கு இன்னும் மூன்று கிழமைகூட இல்லை. என் மனைவி அப்பொழுதுதான் பூசையிலிருந்து எடுத்த கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி என் அருகில் வந்தாள். எங்கள் எல்லாரினும் அந்தத் தையற்பொறி அவளுக்கே வேண்டியிருந்தது. ஆகவே அவள் இழுக்கச் சொல்வாள் என்றே நான் எண்ணினேன்.

“நேத்து இந்த அட்டை எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“இங்கதான்.”

“சாமி முன்னாடி இருந்துச்சு. சாமிகிட்ட இருந்த நேரத்துல கோழிப் பிரியாணி வாங்குச்சுன்னா எழுதப் போறீங்க?”

பண்டாரம் மணியை இடுப்பில் செருகிக்கொண்டு விலகி நின்றார்.

“தேதிய மாத்துங்கண்ணே” என்றாள் அவள் பாயிடம்.

பாய் சக்கரத்தை ஒரு பல் திருப்பினார். நான் இழுத்தேன். சீட்டை எடுத்துப் பார்த்தால் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கரிய திட்டு ஒன்றுதான் இருந்தது. புடைப்பெழுத்துகளின் இடுக்கெல்லாம் சந்தனம் இறுகியிருந்தது. கணக்காசிரியர் பல்துலக்கும் தூரிகையால் அட்டையைத் தேய்த்தார். இரண்டாம் முறை பதிந்தது. இருபத்திரண்டு புள்ளி. மொத்தம் ஐந்நூற்று எழுபத்தெட்டு. பொறி இல்லை.

என் மனைவி அந்த அட்டையை என் கையிலிருந்து வாங்கி, ஈரத்தைத் தன் முந்தானையில் துடைத்து, என் சட்டைப்பையில் வைத்தாள்.

“இன்னைக்கு விசயதசமி. தொடங்கினா இன்னைக்கே தொடங்கணும். வண்டிய எடுங்க, கிள்ளானுக்குப் போவோம்.”

கணக்காசிரியரும் உடன் வந்தார். வீட்டுக்குச் செல்லுமாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிள்ளான் கடைத்தெருவில் அந்தச் சீனக் கடைக்காரர் அட்டையை வாங்கியதும் முகர்ந்து பார்த்தார்; மறுபடியும் முகர்ந்து, “வாங்கி”, நல்ல மணம் என்று மலாயில் மெச்சிவிட்டுத் தம் இழுவைப் பொறியில் வைத்தார். முந்நூற்று எண்பது வெள்ளி. ஒரே இழுப்பு. பத்துத் திங்களாக நாங்கள் பீப்பாய்களுக்கும் நண்டுகளுக்கும் பின்னால் துரத்திய பொறி, கால் மணி நேரத்தில் என் மகிழுந்தின் பின்னிருக்கையில், கணக்காசிரியரின் அருகே அமர்ந்திருந்தது.

காப்பார் ஊரைத் தாண்டும்வரை அவர் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். பயிற்சிப்புத்தகம் மடியில் விரிந்திருந்தது. பின் தொண்டையைக் கனைத்தார்.

“சார். முந்நூத்து எண்பதுக்கு எழுபத்தாறு புள்ளி.”

“ஆம்.”

“போன வாரம் இந்த மெசினையே அட்டையில வாங்கியிருந்தோம்னா, ஐந்நூத்தி ஐம்பத்தாறோட எழுபத்தாறு, அறுநூத்தி முப்பத்திரண்டு. இன்னொரு மெசின் சும்மா வந்திருக்கும் சார். நேத்து வாங்கியிருந்தா எழுபத்தாறு ரெண்டு…”

“சார்” என்றாள் என் மனைவி முன்னிருக்கையிலிருந்து, திரும்பாமலே. “பேசாம வர்றீங்களா, இல்ல எறங்கி நடக்கறீங்களா?”

அவர் புத்தகத்தை மூடினார். பிற்பாடு வங்கியார் புதிய கையேடு அனுப்பினர். தையற்பொறி அதில் இல்லை. எங்கள் புள்ளிகளுக்கு ஈடாகக் கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தின் மட்டைகளை வைக்கும் பெரிய தோற்பை ஒன்று கிடைத்தது. பள்ளியின் துடைப்பங்களும் ஒட்டடைக் கோல்களும் அதில் பல்லாண்டு நின்றன. கல்வி அதிகாரி ஒருவர் வந்தபோது, தோட்டப்பள்ளியில் குழிப்பந்து பயிற்றுவிக்கிறீர்களா என்று மிகுந்த மதிப்போடு வினவினார். நான் மறுக்கவில்லை.

இருபத்திரண்டு வீட்டாரும் தீபாவளிக்கு முந்திய நாள் மாலைக்குள் துணிகளைப் பெற்றுக்கொண்டனர். ஆனால் அப்புதிய பொறியில் முதன்முதலில் தைக்கப்பட்டது அவர்களுள் எவருடைய துணியும் அன்று. விசயதசமி மாலை, பொறியை மேசைமேல் ஏற்றி, நூல் கோத்து, வெட்டியதில் மிஞ்சிய பூப்போட்ட துணிகளை எடுத்து, என் மனைவி அரை மணி நேரத்தில் ஓர் உறை தைத்தாள். நான்கு பக்கமும் மூடி, நாடாவால் இறுக்கிக் கட்டும்படியாக. அளவு எதற்குரியது என்று முதலில் எனக்குப் புலப்படவில்லை.

“பாயோட இழுவ மெசினுக்கு” என்றாள். “பார்த்தாதானே பண்டாரம் பொட்டு வைப்பாரு.”

அந்த உறை பாயின் கடை மேசைமேல் நெடுங்காலம் இருந்தது. கோலாலம்பூரார் அட்டையை நீட்டினால் நாடாவை அவிழ்ப்பார்; இழுத்துவிட்டு மறுபடியும் கட்டுவார். பண்டாரம் தேநீர் அருந்த உள்ளே நுழையும் நாளில் மட்டும், எவரும் சொல்லாமலேயே, இரட்டை முடிச்சாகப் போடுவார்.